மின்னூல் விலை: தாளின் கணக்கும் கடையின் கணக்கும்

உங்கள் கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். அச்சுப் புத்தகத்துக்குத் தாள், மை, பைண்டிங், கிடங்கு வாடகை, பார்சல் என்று அடுக்கடுக்காகச் செலவு உண்டு. மின்னூலுக்கு இவை எதுவும் இல்லை. அப்படியிருக்க, ஆங்கில மின்னூல்கள் பல பேப்பர்பேக்கைவிடக் கூடுதல் விலையில் இருப்பது ஏன்? தமிழ் மின்னூல்கள் ஒரு பக்கம் 49 ரூபாய்க்குக் கிடைக்கின்றன, இன்னொரு பக்கம் அச்சு விலையை ஒட்டியே நிற்கின்றன. இதில் எது நியாயம்? உங்கள் சிறுகதைத் தொகுப்பு இரண்டு வடிவிலும் வரப்போகிறது, மின்னூலுக்கு என்ன விலை வைக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புத்தக விலையில் தாளின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. விலை வைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் மின்னூல் விலையைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பதிப்பகத்தின் கையில் இருந்தால் ஒரு விலை, கடையின் கையில் இருந்தால் வேறொரு விலை. மின்னூலை வைத்து நடந்த பெரிய சண்டைகள் பெரும்பாலும் இந்த ஓர் உரிமையைச் சுற்றித்தான் நடந்தன.

தாளின் பங்கிலிருந்தே தொடங்கலாம். 2010-இல் அமெரிக்கப் பதிப்பகங்களின் வரவுசெலவை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பிரித்துக் காட்டியது. 26 டாலர் விலையுள்ள கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதி, 13 டாலர், கடைக்குப் போகிறது. மீதி 13 டாலரில் அச்சிட, கிடங்கில் வைக்க, அனுப்ப ஆகும் செலவு 3.25 டாலர், விற்காமல் திரும்பி வரும் பிரதிகளின் சுமையும் இதிலேயே அடக்கம். அட்டை வடிவமைப்பு, பக்க அமைப்பு, மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்துவது) போன்றவற்றுக்கு 80 சென்ட். விளம்பரத்துக்கு ஒரு டாலர். எழுத்தாளருக்கு 15 சதவீதம், அதாவது 3.90 டாலர். எஞ்சும் 4.05 டாலரில்தான் அலுவலக வாடகையும் ஆசிரியர் குழுவின் சம்பளமும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே லாபம்.

இதில் தாள், அச்சு, லாரி எல்லாம் சேர்ந்து விலையில் எட்டில் ஒரு பங்கு. அதை முழுக்க நீக்கினாலும் 26 டாலர் புத்தகம் 23 டாலருக்குக் கொஞ்சம் கீழேதான் வரும். ‘தாள் இல்லை, ஆகவே பாதி விலை’ என்ற வாதம் அமெரிக்கக் கெட்டி அட்டைப் புத்தகத்துக்குச் செல்லாது.

தமிழில் நிலைமை வேறு. இதை நம் ஊர்ப் பேச்சில் பலரும் கவனிப்பதில்லை. நம்மிடம் ஒரு இலக்கிய நூல் 300 அல்லது 500 பிரதிதான் அச்சாகிறது. அச்சு எண்ணிக்கை குறையக் குறைய ஒரு பிரதிக்கு ஆகும் செலவு ஏறும். 200 பக்கம், 250 ரூபாய் விலை, 500 பிரதி என்று உதாரணத்துக்கு ஒரு நூலை வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் கழிவு 40 சதவீதம் என்றால் 100 ரூபாய். எழுத்தாளருக்கு 10 சதவீதம், 25 ரூபாய். தாள், அச்சு, பைண்டிங் 75 ரூபாய் அளவில் வரும். மீதி 50 ரூபாயில் மெய்ப்பு, பக்க அமைப்பு, அட்டை, கிடங்கு, புத்தகக் காட்சி அரங்க வாடகை, ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பிரதிகள் எல்லாம். பதிப்பகத்துக்குப் பதிப்பகம் இந்த எண்கள் மாறும். ஆனால் உற்பத்திச் செலவு விலையில் கால் பங்குக்கு மேல் போவது தமிழில் சாதாரணம். அதனால் மின்னூல் மலிவாக இருக்க வேண்டும் என்று கேட்கும் நியாயம் ஆங்கில வாசகரைவிடத் தமிழ் வாசகருக்கு அதிகம். நடப்பில் நாம் பார்ப்பதும் ஏறக்குறைய இதுவே: தமிழ் மின்னூல்கள் மலிவு, பெரிய பதிப்பகங்களின் ஆங்கில மின்னூல்கள் விலை கூடுதல். ஆனால் அதற்கு உற்பத்திச் செலவு மட்டும் காரணமில்லை.

2007 நவம்பர் 19 அன்று அமேசான், மின்னூல் படிப்பதற்கான கிண்டில் கருவியை வெளியிட்டது. கருவியின் விலை 399 டாலர். அதைவிட முக்கியமான எண் 9.99. புதிதாக வரும் அதிக விற்பனை நூல்களின் மின்வடிவை அந்த விலைக்குத் தருவதாக அமேசான் அறிவித்தது. அப்போது மின்னூலும் அச்சு நூலைப் போலவே மொத்த விற்பனை முறையில் விற்கப்பட்டது. பதிப்பகம் ஒரு விலை குறிக்கும், கடை அதில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும், பிறகு எவ்வளவுக்கு விற்பது என்பது கடையின் விருப்பம். 26 டாலர் புத்தகத்துக்குப் பதிப்பகத்திடம் 13 டாலர் கொடுத்துவிட்டு வாசகரிடம் 9.99 வாங்கினால் ஒவ்வொரு பிரதிக்கும் கடைக்கு மூன்று டாலர் நஷ்டம். அமேசான் அதைத் தெரிந்தே ஏற்றது. வாசகர் கிண்டிலுக்குள் வந்துவிட்டால் பிறகு வெளியே போகமாட்டார் என்பது அதன் கணிப்பு.

பதிப்பகங்களுக்கு இதில் பண நஷ்டம் இல்லை, அவர்களுக்கு 13 டாலர் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவர்கள் பயந்தார்கள். புதிய புத்தகம் என்றால் பத்து டாலர் என்று வாசகர் மனதில் பதிந்துவிட்டால் கெட்டி அட்டைப் புத்தகத்தை 26 டாலருக்கு யார் வாங்குவார்கள்? மற்ற கடைகள் மூடப்பட்டு ஒரே கடை மிஞ்சினால், நாளைக்கு அந்தக் கடை பதிப்பகத்திடமே ‘உன் விலையைக் குறை’ என்று சொல்லாதா?

2010 ஜனவரியில் ஆப்பிள் ஐபேடை அறிவித்தபோது அவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. ஆப்பிள் முன்வைத்தது முகவர் முறை: விலையைப் பதிப்பகமே வைக்கும், கடை வெறும் முகவர், அதற்கு 30 சதவீதக் கமிஷன். அமெரிக்காவின் ஆறு பெரிய பதிப்பகங்களில் ஐந்து (ஹாஷெட், ஹார்ப்பர்காலின்ஸ், மேக்மில்லன், பெங்குயின், சைமன் அண்ட் ஷூஸ்டர்) இதற்கு ஒப்புக்கொண்டன. புதிய நூல்களின் விலை 12.99, 14.99 என்று ஏறியது. மேக்மில்லன் தலைவர் ஜான் சார்ஜென்ட் அமேசானிடமும் இதே முறையைக் கேட்டபோது, அமேசான் தன் தளத்தில் மேக்மில்லன் நூல்களின் ‘வாங்கு’ பொத்தானை எடுத்துவிட்டது, அச்சு நூல்களுக்கும் சேர்த்து. சில நாட்களிலேயே அமேசான் இறங்கி வர வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொத்த விற்பனை முறையில் ஒரு பிரதிக்குப் பதிப்பகத்துக்கு 13 டாலர் வந்தது. முகவர் முறையில் 12.99 டாலரில் 30 சதவீதம் போக வந்தது 9.09 டாலர். வாசகர் கூடுதலாகக் கொடுத்தார், பதிப்பகம் குறைவாகப் பெற்றது. ஒரு பிரதிக்கு ஏறக்குறைய நான்கு டாலரை இழந்தாவது விலை வைக்கும் உரிமையைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ள அந்த ஐந்து பதிப்பகங்களும் தயாராக இருந்தன. மின்னூல் விலை தயாரிப்புச் செலவைப் பற்றியதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஐந்து நிறுவனங்களும் ஆப்பிளும் கூடிப்பேசி விலையை ஏற்றினார்கள் என்று அமெரிக்க நீதித் துறை 2012 ஏப்ரலில் வழக்குப் போட்டது. பதிப்பகங்கள் ஒவ்வொன்றாக சமரசம் செய்துகொண்டன; ஆப்பிள் மட்டும் வழக்காடியது. 2013 ஜூலையில் நீதிபதி டெனிஸ் கோட் ஆப்பிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீடு 2015-இல் தோற்றது, 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. ஆப்பிள் கொடுத்த 45 கோடி டாலரில் 40 கோடி, மின்னூல் வாங்கியவர்களுக்குத் திரும்பிப் போனது.

இத்தோடு முகவர் முறை ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சட்டம் தவறென்று சொன்னது கூடிப்பேசியதைத்தான். முகவர் முறையை அல்ல. 2014, 2015 ஆண்டுகளில் பெரிய பதிப்பகங்கள் தனித்தனியாக அமேசானுடன் பேசி, மின்னூல் விலையைத் தாங்களே வைக்கும் ஒப்பந்தங்களைப் போட்டுக்கொண்டன. ஹாஷெட் மட்டும் அதற்காக 2014-இல் பல மாதம் அமேசானுடன் மோத வேண்டியிருந்தது. கிண்டில் பக்கத்தில் சில நூல்களின் விலைக்குக் கீழே ‘இந்த விலை பதிப்பாளர் வைத்தது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அந்த வரி இந்தச் சண்டையின் மிச்சம்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. பெரிய பதிப்பகத்தின் மின்னூலுக்குக் கடை தள்ளுபடி தர முடியாது. பதிப்பகம் வைத்ததே விலை. அதே நூலின் அச்சுப் பிரதி இன்றும் மொத்த விற்பனை முறையில்தான் போகிறது, கடை தன் கழிவிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். இந்தியாவில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆங்கிலப் பேப்பர்பேக்குகள் பலவற்றுக்கு இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்க என்று மலிவுப் பதிப்பு உண்டு. 399 ரூபாய் என்று அச்சிட்ட பேப்பர்பேக் இணையத்தில் 250-க்கு வந்து நிற்கும். அதன் மின்னூல் 320-இல் அசையாமல் இருக்கும். பேராசை என்று வாசகர் கொதிக்கிறார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு வேறு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் இரண்டு விலைகளையும் வைப்பவர் ஒருவரல்ல என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

(பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இந்தக் குழப்பம் இல்லை. பதிப்பாளர் வைத்த விலைக்கே எல்லாக் கடையும் விற்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. பிரான்ஸில் அச்சு நூலுக்கு 1981-இலும் மின்னூலுக்கு 2011-இலும் அந்தச் சட்டத்தை இயற்றினார்கள். தெருமுனைப் புத்தகக் கடைகள் அங்கே இன்னும் நிற்பதில் அந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.)

இனி தமிழுக்கு வருவோம். அமேசானின் இந்தியக் கிண்டில் கடை 2012-இல் திறந்தது. தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களுக்கு அது 2016 டிசம்பரில் இடம் கொடுத்தது. அதற்கு முன்பும் தமிழில் மின்னூல்கள் உண்டு. ஆனால் எழுத்தாளர் தானே கோப்பை ஏற்றி, தானே விலை குறித்து விற்கும் வசதி பரவலானது அதற்குப் பிறகுதான். இங்கே விலை வைக்கும் உரிமை எழுத்தாளரிடமோ சிறு பதிப்பகத்திடமோ இருக்கிறது. அப்படித்தான் தோன்றும். விதிகளைப் படித்தால் அந்த உரிமைக்கு எத்தனை கடிவாளம் என்று தெரியும்.

கிண்டிலில் நேரடியாக வெளியிடுபவருக்கு இரண்டு வகை உரிமைத்தொகை உண்டு: 35 சதவீதம், 70 சதவீதம். 70 வேண்டுமென்றால் விலை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கக் கடையில் அது 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை என்று நெடுங்காலம் இருந்துவந்தது. அந்தப் பழைய 9.99 இங்கே மேல் எல்லையாக வந்து உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். கூடவே, அச்சுப் பதிப்பு இருக்குமானால் மின்னூல் விலை அதைவிடக் குறைந்தது 20 சதவீதம் கீழே இருக்க வேண்டும். கோப்பின் அளவுக்கு ஏற்ப அனுப்புக் கட்டணமும் கழியும். படங்கள் நிறைந்த நூலுக்கு இது கணிசமாகக் கடிக்கும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவைதான். இந்தியக் கடைக்கு மட்டும் உள்ள நிபந்தனைதான் கனமானது. இங்கே விற்கும் பிரதிக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் நூலைச் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாள் காலத்துக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. சொந்த இணையதளத்திலும் கூடாது. மாதச் சந்தா கட்டியவர்கள் எத்தனை நூல் வேண்டுமானாலும் படிக்கும் ‘அன்லிமிடெட்’ திட்டத்துக்குள்ளும் நூல் போய்விடும். அங்கே நீங்கள் வைத்த விலைக்கு வேலையே இல்லை. வாசகர் படித்த பக்கங்களின் எண்ணிக்கைக்கு, ஒரு பொது நிதியிலிருந்து, பக்கத்துக்கு இத்தனை பைசா என்று மாதாமாதம் மாறும் விகிதத்தில் பணம் வரும்.

இதன் விளைவைச் சொல்கிறேன். தமிழ் மின்னூல் வாசகர்களில் தீவிரமாகப் படிப்பவர்கள் பலர் சந்தாதாரர்கள். அவர்களுக்கு 49 ரூபாய் நூலும் 149 ரூபாய் நூலும் ஒன்றே. சந்தா இல்லாதவர் எப்போதாவது ஒன்று வாங்குவார், அவரைப் பிடிக்க வேண்டும் என்று எழுத்தாளர் விலையைத் தரையோடு தரையாக இறக்குகிறார். 49 ரூபாய் நூலுக்கு 35 சதவீத வகையில் வரி நீங்கலாகக் கணக்கிட்டால் 16 ரூபாய் வரும். அதைப் பதிப்பகமும் எழுத்தாளரும் சரிபாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 8 ரூபாய். அச்சில் ஒரு பிரதிக்கு 25 ரூபாய் பெற்ற அதே எழுத்தாளருக்கு இங்கே 8 ரூபாய். விலை குறைந்ததால் மூன்று மடங்கு பேர் வாங்கினால்தான் பழைய இடத்துக்கு வர முடியும். புகழ்பெற்ற சிலரைத் தவிரத் தமிழில் அப்படி நடப்பதில்லை.

மின்னூலுக்குச் செலவே இல்லை என்பதும் உண்மையல்ல. புதிதாக எழுதி, யூனிகோடில் தட்டச்சு செய்து, நேரே ஈபப் என்ற மின்னூல் கோப்பாக ஆக்கும் நூலுக்குச் செலவு குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிப்பகங்களின் கையிருப்பில் இருக்கும் பழைய நூல்களை நினைத்துப் பாருங்கள். அவை பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம். மாற்றி மென்பொருளில் கொடுத்தால் பெரும்பகுதி சரியாக வரும். கொம்பு இடம் மாறும், ‘ஔ’ உடைந்து ‘ஒள’ ஆகும், காலும் ‘ர’வும் குழம்பும், வரி முடிவில் போட்ட இணைப்புக்குறிகள் சொல்லுக்கு நடுவே முளைக்கும். வடமொழி எழுத்துகளும் பின்னங்களும் காணாமலே போகும். 400 பக்க நாவலை ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகத் திரும்பப் படித்தாக வேண்டும். இன்னும் பழைய நூல் என்றால் கோப்பே இருக்காது. ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் கொடுத்து, அதற்கு மேல் மெய்ப்புப் பார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்பவருக்குக் கூலி கொடுக்காமல் அவசரமாக ஏற்றப்பட்ட மின்னூல்களைத்தான் வாசகர்கள் பிழை மலிந்தவை என்று திட்டுகிறார்கள். 49 ரூபாய் விலையில் இரண்டாவது மெய்ப்புக்கு இடமில்லை. இந்த வேலையில் இருப்பவர்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: மலிவு மின்னூலின் விலையைப் பெரும்பாலும் கொடுப்பது மெய்ப்புப் பார்க்கும் கண்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், மின்னூல் அச்சு நூலைவிடத் தெளிவாக மலிவாக இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. வாசகருக்குக் கிடைப்பது குறைவு என்பதே காரணம். மேலே சொன்ன வாசகரின் கோபம் நியாயமாவதும் இங்கேதான்.

அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது உங்கள் சொத்து. நண்பருக்கு இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், மகளுக்கு விட்டுப்போகலாம். மின்னூலை ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்திப் பெற்றாலும் பெரும்பாலான கடைகளில் உங்களுக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம் மட்டும். அதை மறுவிற்பனை செய்ய முடியாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில், டாம் கேபினட் என்ற டச்சு நிறுவனத்தின் வழக்கில், பயன்படுத்திய மின்னூல்களைப் பதிப்புரிமையாளர் அனுமதியின்றி இணையத்தில் விற்கக் கூடாது என்றே தீர்ப்பளித்தது. உரிமம் பறிபோவதும் நடந்திருக்கிறது. 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் எல்லாம் மறைந்தன. அங்கும் பணம் திரும்பி வந்தது, ஆனால் அலமாரி காலி. 2025 பிப்ரவரியில் கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது.

250 ரூபாய் புத்தகத்தை நான்கு பேர் படித்துவிட்டு, பழைய கடையில் 60 ரூபாய்க்குப் போடலாம். மின்னூலில் அந்த நான்கு பேரும் இல்லை, 60 ரூபாயும் இல்லை. இந்த இழப்பு விலையில் தெரிய வேண்டும். அச்சைவிட விலை கூடிய மின்னூலை நியாயப்படுத்த எனக்கு எந்த வழியும் தெரியவில்லை, யார் வைத்த விலையாக இருந்தாலும் சரி.

வரியிலும் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது, தமிழ் எழுத்தாளர்கள் இதைப் போதிய அளவு பேசுவதில்லை. இந்தியாவில் அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. மின்னூலுக்கு முதலில் 18 சதவீதம் இருந்தது. 2018 ஜூலை 27 முதல் அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் அச்சு வடிவம் உள்ள மின்னூலுக்கு மட்டும். மின்னூலாக மட்டுமே வெளியாகும் நூலுக்குப் பழைய 18 தொடர்ந்தது. அச்சிடப் பணமில்லாமல் மின்னூலோடு நிறுத்திக்கொள்பவர் பெரும்பாலும் முதல் நூல் எழுதும் இளைஞர்; அவர் வாசகரிடமிருந்துதான் அதிக வரி வசூலாகிறது. ஒரே கதை தாளில் இருந்தால் அறிவு, திரையில் மட்டும் இருந்தால் இணையச் சேவை என்று பிரிப்பதற்கு என்ன அடிப்படை? ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் மின்னூலுக்கும் அச்சு நூலின் குறைந்த வரியை வைக்க உறுப்பு நாடுகளை அனுமதித்தது. பிரிட்டன் 20 சதவீதமாக இருந்த வரியை 2020 மே 1 அன்று சுழியமாக்கியது. நம் பதிப்பாளர் சங்கங்கள் இதை ஒரு கோரிக்கையாக எடுத்து நடத்த வேண்டும்.

தமிழ் மின்னூல் விலையைக் கீழே இழுக்கும் இன்னொன்று இலவசம். இதில் நல்லதும் கெட்டதும் உண்டு. நல்லது மகத்தானது: 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை எத்தனையோ நூல்களைத் தன்னார்வலர் உழைப்பில் இலவசமாகத் தந்திருக்கிறது. ஈழத்து நூல்களை நூலகம் திட்டம் காத்துவருகிறது. பாரதியின் எழுத்துகளில் தொடங்கித் தமிழக அரசு பலரின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கி, குடும்பத்துக்குப் பரிவுத்தொகை தந்து, யாரும் வெளியிடலாம் என்று திறந்துவிட்டது. அதனால் கல்கியின் நாவலை அச்சில் பத்துப் பதிப்பகம் போட்டி போட்டு மலிவாக விற்கிறது, மின்வடிவில் ஒரு காசு இல்லாமல் படிக்கலாம். வேறெந்த இந்திய மொழி வாசகருக்கும் இந்த அளவுக்குச் செல்வம் இலவசமாகத் திறந்திருக்கிறதா என்பது சந்தேகமே. கெட்டது, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் திருட்டு பிடிஎஃப்கள். இந்த வாரம் வந்த நாவலும் நூறாண்டுப் பழைய நூலும் ஒரே குழுவில் ஒரே விலையில், அதாவது விலையின்றி, வந்து விழுகின்றன. இதற்குப் பயந்து நல்ல பதிப்பகங்கள் சில மின்னூலே போடுவதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது, நேர்மையாக வாங்க நினைப்பவருக்கும் வழியை அடைத்துவிட்டால் அவரையும் அந்தக் குழுவுக்கே அனுப்புகிறோம் என்பதைத்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் வளைகுடாவிலும் இருக்கும் வாசகருக்கு அஞ்சல் கட்டணம் புத்தக விலையைத் தாண்டும். அவருக்கு மின்னூல் ஒன்றே வழி. நியாயமான விலை கொடுக்க அவர் தயாராகவும் இருக்கிறார்.

இனி உங்கள் தொகுப்பு. அச்சு விலை 250 என்று வைத்துக்கொண்டால் மின்னூலுக்கு 110 முதல் 130 வரை வையுங்கள். 125-இல், 70 சதவீத வகையில், வரியும் அனுப்புக் கட்டணமும் போக சுமார் 80 ரூபாய் கையில் வரும். பதிப்பகத்தோடு சரிபாதி என்றால் உங்களுக்கு 40; அச்சுப் பிரதியில் கிடைப்பதைவிடக் கூடுதல், வாசகருக்கோ பாதி விலை. 49-க்கு இறக்க வேண்டாம். புத்தகக் காட்சி சமயத்தில் சில நாள் விலை குறைத்துக்கொள்ளலாம். நிரந்தர விலையைத் தாழ்த்திவிட்டால் மறுபடி ஏற்றுவது கடினம்.

செலக்ட் திட்டத்தில் முதல் 90 நாள் சேர்ந்து பாருங்கள். அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், ஆகவே முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். சந்தா வாசகர்கள் உண்மையிலேயே படிக்கிறார்கள் என்றால் தொடரலாம். இல்லையென்றால் வெளியே வந்து கூகுள் பிளேயிலும், பதிப்பகத்தின் தளத்தில் பூட்டில்லாத (நகலெடுக்கத் தடை இல்லாத) ஈபப் கோப்பாகவும் விற்கலாம். பூட்டில்லாத கோப்பு வாங்குபவருக்கு உரிமத்துக்குப் பதில் உண்மையான பிரதியே கிடைக்கிறது. அதற்கு இருபது ரூபாய் கூடக் கேட்பதில் தவறில்லை. அச்சுப் பிரதிக்கு ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது. மின்னூலுக்குத் தனி எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மின்னூல் உரிமை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘எல்லா வடிவங்களும்’ என்று ஒரே வரியில் கொடுத்துவிடாதீர்கள். மின்னூலுக்கான பங்கு விழுக்காடு தனியாகவும், அது குறித்த விலையில் கணக்கிடப்படுமா, பதிப்பகத்துக்கு வந்துசேரும் தொகையிலா என்பது தெளிவாகவும் இருக்க வேண்டும். காலவரையறையையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். உங்கள் பழைய தொகுப்புகள் மின்னூலுக்கு முந்தைய காலத்து ஒப்பந்தத்தில் இருந்தால் ஒரு நல்ல செய்தி உண்டு: அன்று வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கு, ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடாதவரை, உரிமை மாற்றம் பொருந்தாது என்று 2012-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். திருத்தத்துக்கு முந்தைய ஒப்பந்தத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றின் மின் உரிமை இன்னும் உங்களிடமே இருக்க வாய்ப்பிருக்கிறது.